பன்னிரண்டில் பதினொரு விளக்கு

வீட்டிலிருந்து,
திங்கட்கிழமை.

அன்புள்ள கண்ணாடிக்கு,

உன் சுவிட்சு எழுதிக்கொள்வது. மில்லில் நமக்கு வைத்த பட்டப்பெயர்கள் இன்னும் நம்மை விடவில்லை பார். நான் நலம், நீ நலமா என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். இரண்டுமே பொய் என்பதால் விட்டுவிட்டேன். கண் ஆபரேஷன் முடிந்த பிறகும் உனக்கு வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்று உன் மகள் பாப்பா எழுதியிருந்தாள். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலைமுடி கனத்துக்கு இருக்கும் ஒயரை லென்ஸ் இல்லாமல் பற்றவைத்தவன் நீ. உனக்கு இது வந்திருக்க வேண்டாம்.

போனில் பேசலாம்தான். போன தடவை நீ இரண்டு நிமிடம் ஒன்றும் பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய், நானும் விட்டுக்கொண்டிருந்தேன். அதற்குக் கடிதமே மேல். பாப்பா படித்துக் காட்டுவாள், நீ நடுவில் பேச முடியாது. எனக்கு அது வசதி.

விஷயத்துக்கு வருகிறேன். மெஷின் வந்துவிட்டது. நம் பேப்பர் மில்லில் இருந்த அதே கம்ப்யூட்டர் மெஷின்தான். மில்லின் பழைய ஸ்டோர் ரூமை இடித்துக்கொண்டிருந்த காயலான்கடைக்காரர் சொன்னது உண்மை. விபத்துக் கேஸ் நடந்த காலத்தில் பூட்டி வைத்தார்கள், கேஸ் முடிந்தது, மில்லும் முடிந்தது, அந்தப் பூட்டை மட்டும் யாரும் திறக்கவில்லை. சீரியல் நம்பர் ஒத்துப்போகிறது. அது போதாதென்று, விளக்கும் சுவிட்சும் வரிசையாக இருக்கும் முன்பக்கப் பேனலுக்குக் கீழே உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, "என்னைக் கேட்காமல் எதையும் மாற்றாதே" என்று. அதைப் பிய்க்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். கார் ஷெட்டின் பக்கவாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றினோம், அப்போதும் நுழையவில்லை. கடைசியில் நிலையையே பெயர்த்தோம். என் வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏற்கெனவே பீரோ மாதிரி ஏழு மெஷின் நிக்குது, ஒண்ணுலயாவது ஒரு புடவை வைக்க முடியுதா? இப்ப எட்டாவதா?" என்று கேட்டாள். இதுதான் கடைசி என்றேன். ஆறாவது வந்தபோதும் இதையேதான் சொன்னீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மெஷினின் நிலைமை மோசம்தான், ஆனால் சாகவில்லை. காற்றாடிக்குள் எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. கதவுக்குள் வைத்திருந்த ஸ்பாஞ்சு கருப்புப் பிசினாக உருகிக் கீழே வழிந்திருக்கிறது, மூன்று நாள் சுரண்டினேன். பவர் சப்ளையில் இரண்டு கண்டன்சர் உப்பிப்போய்க் கசிந்திருந்தன, மாற்றிவிட்டேன். மெமரிப் பெட்டியின் தகர மூடியில் மட்டும் தூசி தவிர ஒன்றும் இல்லை. நான் அதைத் திறக்கவே இல்லை.

பாப்பா, அப்பாவுக்குத் தெரிந்த கதைதான், உனக்காக எழுதுகிறேன். இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் கரண்டை நிறுத்தினால் மெமரியில் இருப்பது போய்விடும். அந்தக் காலத்து மினி கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. கடுகைவிடச் சின்ன இரும்பு வளையங்களை ஒயரில் கோத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வளையமும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ காந்தமாகி நிற்கும், கரண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். மில்லில் விபத்து நடந்த அன்று மெஷினை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு யாரும் அதற்குக் கரண்டு கொடுக்கவில்லை. ஆகவே அன்று உள்ளே என்ன இருந்ததோ அது நாற்பத்தோரு வருஷமாக அப்படியே இருக்கிறது.

கொதிகலனில் அழுத்தம் அளவு மீறினால் மணி அடிக்க வேண்டும், வால்வு திறக்க வேண்டும். அந்தப் புரோகிராமை எழுதியவர் உன் அப்பா. அன்று மணி அடிக்கவில்லை, வால்வும் திறக்கவில்லை. கொதிகலனிலிருந்து நீராவி பீறிட்டு, கொதிகலன்காரர் வெந்து செத்தார். புரோகிராம் தப்பு என்று விசாரணையில் எழுதி, உன் அப்பாவை வெளியே அனுப்பினார்கள். "நான் எழுதியது சரி, யாரோ பேனலில் மாற்றியிருக்கிறார்கள், மெமரியைப் பாருங்கள்" என்று அவர் கத்தினார். கரண்டு போன மெஷினில் என்னத்தைப் பார்ப்பது என்று சிரித்தார்கள். நீ ஏழாவது படிக்கும்போது, கொதிகலன்காரர் மகன் உன் வகுப்பில் ஏதோ சொல்லிவிட்டான் என்று அழுதுகொண்டு வந்து, "அப்பா, நீங்க தப்பா எழுதினதாலதான் அவங்க அப்பா செத்தாரா?" என்று கேட்டாயாம். அதற்குப் பதில் சொல்லத்தான் உன் அப்பா பழைய மெஷின்களைத் தேட ஆரம்பித்தார். தேடியது கிடைக்கவில்லை, வேறு ஏழு கிடைத்தன. அவற்றை அப்படியே போட மனம் வரவில்லை. எங்கள் பைத்தியம் பிறந்தது இப்படித்தான்.

கண்ணாடி, நீ சொன்ன வரிசை எனக்கு மனப்பாடம். பவர் சப்ளையைத் தனியாக, பல்பைச் சுமையாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்க வேண்டும். அதோடு நிறுத்த வேண்டும். அடுத்த மாதம் லீவில் பாப்பா வந்து பக்கத்தில் நின்று படம் பிடிக்கும்போதுதான் மெமரிக்குக் கரண்டு கொடுக்க வேண்டும். பேனலில் ஒவ்வொரு இடமாகப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எந்த மெஷின் வந்தாலும் முதலில் மெமரி டெஸ்ட் ஓட்டுவோமே, அந்த வேலை இந்தத் தடவை கூடவே கூடாது, ஏனென்றால் டெஸ்ட் எல்லா இடத்திலும் தன் சொந்த எண்ணை எழுதி உள்ளே இருப்பதை அழித்துவிடும். எல்லாம் தெரியும். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மூன்று கடிதத்தில் சொல்லிவிட்டாய்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இது வேண்டுமா நமக்கு? எனக்கு எழுபது, உனக்கு எழுபத்திரண்டு. விசாரித்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உள்ளே பார்த்து, உன் புரோகிராமில்தான் தப்பு என்று வந்துவிட்டால் என்ன செய்வாய்? தெரியாமல் இருப்பதே ஒரு நிம்மதிதானே. இரண்டு ராத்திரியாக எனக்கு இதே யோசனை.

உடம்பைப் பார்த்துக்கொள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. பாப்பாவுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் சுவிட்சு.


வீட்டிலிருந்து,
வியாழக்கிழமை.

அன்புள்ள கண்ணாடிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

மெமரி போய்விட்டதடா. நான்தான் அழித்தேன்.

பவர் சப்ளை நேற்று மதியம் ஐந்து வோல்ட்டில் அசையாமல் நின்றது. ஒரு மணி நேரம் பார்த்தேன், சூடு ஏறவில்லை. மெமரிக்குக் கரண்டு சரியாகப் போய்ச் சேருகிறதா என்று மட்டும் பார்ப்போமே என்று அதையும் செருகினேன். பேனல் விளக்குகள் எரிந்தன. சந்தோஷத்தில் டீயைக் குடித்துவிட்டு முன்னால் உட்கார்ந்தேன். கை தன்பாட்டுக்கு மெமரி டெஸ்டைத் தட்டிவிட்டது. ஏழு மெஷினுக்கு எத்தனை நூறு தடவை தட்டிய டெஸ்ட், உனக்கே தெரியும். எனக்கு உறைத்தபோது விளக்குகள் ஓட ஆரம்பித்துவிட்டன. பாய்ந்து நிறுத்தினேன். நிறுத்தி என்ன, அந்த மெஷின் கண்ணிமைப்பதற்குள் எல்லாவற்றையும் எழுதிவிடும். இப்போது எந்த இடத்தைப் பார்த்தாலும் ஒன்றுகள்தான் இருக்கின்றன.

இந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. நீ என்னை நம்பிக் கொடுத்தாய். வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் இது நடந்திருக்காது, ஏனென்றால் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

பாப்பா, நீ லீவு போட்டு வர வேண்டாம். வந்து பார்க்க ஒன்றும் இல்லை. அப்பாவிடம் மெதுவாகச் சொல். அவர் மருந்து போட்டுக்கொண்ட பிறகு சொல்.

இப்படிக்கு,
சுவிட்சு.


வீட்டிலிருந்து,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்தக் கடிதம் உனக்கு. முதலில் நீ மட்டும் படி. பிறகு அப்பாவிடம் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. நடுவில் முடியாவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி படி. எதையும் நல்லபடியாக மாற்றிச் சொல்லாதே, அதை மட்டும் செய்யாதே அம்மா.

அப்பா சொல்லச் சொல்ல நீ எழுதி அனுப்பியது வந்து ஆறு நாளாகிறது. அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். உறையைப் பிரிக்கவே அரை மணி நேரம் ஆனது. திட்டவில்லை. "விடுடா சுவிட்சு, கை பழகிப்போச்சு, நீ என்ன பண்ணுவ. எனக்கா இருந்தாலும் அப்படித்தான் தட்டியிருப்பேன். சாப்பிடாம கிடக்காத" என்று சொல்லியிருக்கிறான். எனக்கு ஆறுதல் சொல்கிறான். அது போதாதென்று கீழே நீ உன் சார்பில் எழுதியிருந்தாய், அப்பா உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "பாப்பா, நீ சின்ன வயசுல கேட்டியே, அதுக்கு இப்ப சொல்றேன். நான்தான் தப்பா எழுதியிருப்பேன். அப்படியே வச்சுக்கோ" என்று சொன்னதாக. அன்றிலிருந்து அவன் அந்த மெஷின்களைப் பற்றிப் பேசுவதே இல்லை என்றும், ரேடியோ போட்டால்கூட நிறுத்தச் சொல்கிறான் என்றும் எழுதியிருந்தாய்.

அதைப் படித்த பிறகு என்னால் முடியவில்லை.

நான் போன கடிதத்தில் எழுதியது பொய். மெமரி அழிந்தது உண்மை. கை தன்பாட்டுக்குத் தட்டியது என்பது பொய்.

அன்று மில்லில் மதிய ஷிப்ட் ஆபரேட்டர் நான். அது உனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். அழுத்தத்தை அளக்கும் கருவி அன்று காலையிலிருந்தே சரியில்லை. ஒன்றும் இல்லாததற்கெல்லாம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடித்து வால்வு திறந்தது. போர்மேன் மாடியிலிருந்து, "அந்தச் சனியனை நிறுத்துறியா, இல்ல நான் வந்து ஒயரைப் பிடுங்கவா?" என்று கத்தினார். உன் அப்பா அன்று லீவு, உனக்குக் காய்ச்சல். அழுத்தம் எந்த எண்ணைத் தாண்டினால் மணியும் வால்வும் இயங்க வேண்டும் என்பது மெமரியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் அப்பாதான் ஒருநாள் சகஜமாகக் காட்டியிருந்தான். நான் அந்த இடத்துக்குப் போய், மெஷினால் எழுத முடிகிற மிகப் பெரிய எண்ணை அங்கே போட்டேன். பன்னிரண்டு சுவிட்சு, முதலாவது கழித்தல் குறிக்கானது, அதைத் தவிர பதினொன்றையும் மேலே தள்ளினால் அந்த எண் வரும். மணி நின்றது. ஷிப்ட் முடியும்போது பழைய எண்ணைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

நாலு மணிக்கு அழுத்தம் நிஜமாகவே ஏறியது. கொதிகலன்காரர் மணியை நம்புகிறவர். மணி அடிக்கவில்லை என்றால் பயமில்லை என்று பக்கத்தில் போய் ஒரு போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். மீதி உனக்குத் தெரியும்.

விசாரணையில் என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள், மணி அடித்ததா என்று. இல்லை என்றேன். அது பொய் இல்லை. ஏன் அடிக்கவில்லை என்று என்னை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை. எனக்கு அப்போது கல்யாணமாகி நாலு மாதம். இதைக் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். உன் அப்பாவை அனுப்பினார்கள், என்னை ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்கினார்கள்.

உன் அப்பா மெஷின் தேட ஆரம்பித்தபோது நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். எவ்வளவு நல்ல மனசு என்று உன் அம்மா இருந்தவரை என்னை வாழ்த்தினாள். நான் வந்தது, அந்த மெஷின் கிடைத்தால் முதலில் என் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக. முதல் இரண்டு மூன்று வருஷம் அதுதான் எண்ணம். அப்புறம் என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை பாப்பா. அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு போர்டைத் துடைத்து, அது உயிர் பிடித்து விளக்கு எரியும்போது, அவன் என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடிப்பான். அந்த அடிக்காகவே அடுத்த மெஷினைத் தேடிப் போனேன். இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

அந்தப் புதன்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மெமரிக்குக் கரண்டு கொடுத்தேன். டெஸ்ட் ஓட்டவில்லை. அந்த ஒரு இடத்துக்கு நேராகப் போய்ப் பார்த்தேன். நான் அதைத் திரும்ப மாற்றினேனோ என்னவோ, ஷிப்ட் குழப்பத்தில் மாற்றியிருந்தாலும் இருப்பேன் என்று நாற்பத்தோரு வருஷம் எனக்கு நானே ஒரு கதை சொல்லி வந்திருக்கிறேன். பேனலில் முதல் விளக்கு இருட்டு. மற்ற பதினொன்றும் எரிந்தன. நான் போட்ட எண், நான் போட்டபடியே இருந்தது. பக்கத்து இடங்களையும் பார்த்தேன். உன் அப்பா எழுதிய வரிகள் ஒவ்வொன்றும் அச்சுப் பிசகாமல் இருந்தன. அவற்றில் ஒரு தப்பும் இல்லை. அழுத்தத்தை எடுக்கிறது, எண்ணோடு ஒப்பிடுகிறது, மீறினால் மணி, வால்வு. நான் அந்த எண்ணைத் தொடாமல் இருந்திருந்தால் அந்த மனுஷன் வீட்டுக்குப் போயிருப்பார்.

அந்த இடத்துக்கே திரும்பிப் போய்ப் பதினொரு விளக்கையும் இன்னொரு தடவை எண்ணினேன். பிறகு மெமரி டெஸ்டைத் தட்டினேன். அது பதினான்கு சொல், பேனலில் கையால் ஒவ்வொன்றாகப் போட வேண்டிய கட்டளைகள். ஒவ்வொரு சொல்லுக்கும் பன்னிரண்டு சுவிட்சு. நிறுத்த வேண்டுமென்றால் எத்தனை இடம் இருந்தது, பார்த்துக்கொள். ஒன்பதாவது சொல்லில் ஒரு சுவிட்சு தப்பாகிவிட்டது. அதைக் கவனித்துத் திருத்தினேன். திருத்திவிட்டுத்தான் ஓட்டினேன். ஒரு தடவை போதாது என்று இரண்டு தடவை ஓட்டினேன். பழக்கமாம், கையாம். வெட்கம் கெட்டவன் நான்.

என் வீட்டுக்காரியிடம் நேற்றுச் சொன்னேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அப்புறம், "இத்தனை வருஷம் அவர் பக்கத்துல உக்காந்து எப்படிங்க சோறு எறங்குச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள். இன்று காலையிலிருந்து அவள் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

கொதிகலன்காரர் மகனுக்கும் இதையே எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அவர் இப்போது பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர் வந்து என்னை என்ன செய்தாலும் சரி.

மெமரி இனி வராது. வளையங்களுக்குள் மிச்சம் மீதி ஏதாவது இருக்குமா என்று ஒரு வாரமாகப் பார்த்துவிட்டேன், இல்லை. உன் அப்பா பாதி வாழ்க்கையைக் கொடுத்துத் தேடிய சாட்சியை நான் ஒரு மதியத்தில் தீர்த்துவிட்டேன். இனி இருப்பது நான் ஒருவன்தான், என் வார்த்தைக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று தெரியவில்லை. இருந்தாலும் கீழே முறைப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. உன் பிள்ளைகளிடம் காட்டு.

மெஷின்கள் எட்டும் உன் அப்பாவுடையவை. ஆள் அனுப்பினால் நிலையைப் பெயர்த்துக் கொடுத்துவிடுகிறேன். நான் இனி எதையும் தொடுவதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படித்துக் காட்டியதும் உன் அப்பா இன்னொரு தடவை படிக்கச் சொல்வான். அப்புறம், "பாவம், அவனும் என்ன பண்ணுவான், சின்ன வயசு, பயந்திருப்பான்" என்று ஆரம்பிப்பான். எனக்கு அவனைத் தெரியும். என்னை மன்னிப்பதற்கு அவன் நாக்கு தயாராக இருக்கும். அதற்கு நீ விடாதே. நாற்பத்தோரு வருஷமாக அவன் தன்னையே குடைந்துகொண்டான், ராத்திரி எழுந்து எழுந்து அந்தப் புரோகிராமை முதல் வரியிலிருந்து சரிபார்த்தான். அந்தக் கோபம் என்னுடையது, அது என்மேல்தான் விழ வேண்டும். அவனைத் திட்டச் சொல் அம்மா. கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்று, வாய் வலிக்கிற வரைக்கும் என்னைத் திட்டச் சொல். திட்டி முடித்தால் அவனுக்குக் கொஞ்சம் பசிக்கும்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதக் கை வருகிறது. எழுதிவிட்டேன். பிடிக்காவிட்டால் அந்த ஒரு வரியை மட்டும் கிழித்துவிடு.

இப்படிக்கு,
(கையெழுத்து)
மதிய ஷிப்ட் ஆபரேட்டர், டோக்கன் எண் 318.
மணி அடிக்க வேண்டிய எண்ணை மாற்றியவன் நான். புரோகிராமில் தப்பு இல்லை.